கென்யா மேப்பை குழப்பமில்லாம படிக்கிறது எப்படி? பழைய மாகாணத்துல இருந்து 47 கவுண்ட்டி, சீஃப் ஆபீஸ் வரைக்கும் முழு வழிகாட்டி

கென்யா சம்பந்தமா ஒரு அட்ரஸோ, ஒரு எக்செல் ஷீட்டோ, ஒரு நியூஸோ கைக்கு வந்தா முதல்ல தலையை சுத்த வைக்கிறது இதுதான்: ஒருத்தர் "ரிஃப்ட் வேலி"ங்கிறார், இன்னொருத்தர் "நகுரு கவுண்ட்டி"ங்கிறார், மூணாவது ஆளோட ஐடி கார்டை திருப்பிப் பார்த்தா டிஸ்ட்ரிக்ட், டிவிஷன், லொகேஷன், சப்-லொகேஷன்னு நாலு வரி இருக்கு, அதுல கவுண்ட்டிங்கிற பேரே இல்ல. மூணு பேரும் சொல்றது ஒரே ஊரைத்தான். யாரும் தப்பா சொல்லல.

வேலைக்குப் போறவங்க, அங்க சரக்கு அனுப்புறவங்க, பரீட்சைக்குப் படிக்கிறவங்க எல்லாருக்கும் உதவணும்னுதான் இதை கொஞ்சம் நீளமா எழுதுறேன். நெட்ல தேடினா 47 கவுண்ட்டி (ஓட்டு போட்டு வந்த கவர்னர் இருக்கிற மாவட்டம்னு வச்சுக்கோங்க) லிஸ்ட் எங்க வேணா கிடைக்கும், லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒரு பேரைப் பார்த்த உடனே இது எந்த காலத்து பேரு, இது யாரோட கணக்குல வர்ற பேருன்னு கேட்க பழகிட்டா போதும், மேப் தானா புரிய ஆரம்பிச்சுடும்.

படி 1: எல்லைக்கோட்டை மறந்துட்டு முதல்ல நிலத்தைப் பாருங்க

கென்யா மொத்தம் சுமார் 5 லட்சத்து 80 ஆயிரம் சதுர கிலோமீட்டர். வடக்கே எத்தியோப்பியா, வடமேற்குல தெற்கு சூடான், மேற்கே உகாண்டா, தெற்கே தான்சானியா, கிழக்கே சோமாலியா, தென்கிழக்குல இந்தியப் பெருங்கடல். பூமத்திய ரேகை நாட்டை குறுக்கா வெட்டிட்டு போகுது, ஆனா அதை வச்சு "ஐயோ செம வெயிலா இருக்கும்"னு முடிவு பண்ணிடாதீங்க. ரேகை மேலயே உக்காந்திருக்கிற நன்யுகி ஊர்ல காலையில ஸ்வெட்டர் போடாம வெளிய வர முடியாது, ஏன்னா அது மவுண்ட் கென்யா அடிவாரத்துல கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்துல இருக்கு. அந்த மலையோட உச்சி 5,199 மீட்டர், கிளிமஞ்சாரோவுக்கு அடுத்து ஆப்பிரிக்காவுல ரெண்டாவது.

மேப்புல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பெரிய பள்ளம் ஓடும், அதுதான் ரிஃப்ட் வேலி. வடக்கே துர்கானா ஏரியில ஆரம்பிச்சு பரிங்கோ, பொகோரியா, நகுரு, எல்மென்டெய்ட்டா, நைவாஷா, கடைசியா தான்சானியா பார்டர் பக்கம் மகாடின்னு ஏரிகள் வரிசையா அந்தப் பள்ளத்துலயே கிடக்கும். இதுல பெரும்பாலானது உப்பு, சோடா ஏரி, நைவாஷாவும் பரிங்கோவும் மட்டும் நல்ல தண்ணி. நைவாஷா பக்கம் அவ்ளோ பூப்பண்ணைகள் வந்ததுக்கு இந்த நல்ல தண்ணிதான் முக்கிய காரணம்.

இந்தப் பள்ளம் மேட்டு நிலத்தை ரெண்டா பிளக்குது. கிழக்குப் பக்கம் அபர்டேர் மலையும் மவுண்ட் கென்யாவும், மேற்குப் பக்கம் மாவ் காடு, செரங்கானி, உகாண்டா பார்டர்ல மவுண்ட் எல்கான். இந்த அஞ்சையும் சேர்த்து அங்க "வாட்டர் டவர்"னு சொல்லுவாங்க, நாட்டோட முக்கியமான ஆறுகள் நிறைய இங்கதான் பிறக்குது. டானா ஆறு அபர்டேர்லயும் மவுண்ட் கென்யாவுலயும் பிறந்து சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடி கிப்பினிகிட்ட கடல்ல சேருது. மசிங்கா, கம்புரு, கிட்டாரு, கிண்டாருமா, கியாம்பெரேன்னு அஞ்சு அணை வரிசையா அது மேலதான் இருக்கு.

இந்த ஈரமான மேட்டு நிலம், விக்டோரியா ஏரிக்கரை, கடலோரத்துல ஒரு ஒல்லியான பட்டை, இவ்ளோதான் பச்சை. மீதி, அதாவது நிலத்துல ஏறக்குறைய 80 சதவீதம், வறண்ட இல்லன்னா அரை வறண்ட பூமி. ஆடு, மாடு, ஒட்டகம் மேய்க்கிறவங்க இருக்கிற இடம். இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா நிர்வாக மேப் பாதி புரிஞ்ச மாதிரிதான், ஏன்னா மழை பெய்யுற இடத்துல கவுண்ட்டி எல்லாம் குட்டி குட்டியா நெருக்கி இருக்கும், காஞ்ச இடத்துல ஒவ்வொண்ணும் ஒரு நாடு சைஸுக்கு இருக்கும். 2019 சென்சஸ் கணக்குல மேற்குல இருக்கிற விஹிகா கவுண்ட்டியில ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,000 பேருக்கு மேல, வடக்கே மார்சபிட்ல அதே ஒரு சதுர கிலோமீட்டருக்கு வெறும் 6 பேர். மேப்புல கலர் அடிச்சு காட்டுற தேர்தல் ரிசல்ட்டைப் பார்த்து ஏமாறாதீங்கன்னு சொல்றதும் இதுக்குத்தான், பெருசா தெரியுற கலர்ல ஓட்டு கொஞ்சமாத்தான் இருக்கும்.

மழையும் ரெண்டு சீசன்: மார்ச்ல இருந்து மே வரைக்கும் நீண்ட மழை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் குறுகிய மழை. மேற்குப் பக்கம் மட்டும் இந்தக் கணக்குக்கு அவ்வளவா கட்டுப்படாது, நடுவுலயும் பெய்யும்.

படி 2: செத்துப்போன 8 மாகாணத்தை கத்துக்கோங்க

புது புக்ல எல்லாம் "மாகாணம் ஒழிக்கப்பட்டுவிட்டது, இனி 47 கவுண்ட்டி"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. சட்டப்படி சரிதான். ஆனா நடைமுறையில மாகாணம் தெரியாம கென்யாவுல யார் பேசுறதும் புரியாது. மொத்தம் 8: கோஸ்ட், நார்த் ஈஸ்டர்ன், ஈஸ்டர்ன், சென்ட்ரல், ரிஃப்ட் வேலி, வெஸ்டர்ன், நியான்சா, நைரோபி.

1963ல சுதந்திரம் வாங்கும்போது மஜிம்போன்னு ஒரு ஏற்பாடு, அதாவது பிராந்தியங்களுக்கு தனி சட்டசபை, தனி அதிகாரம். அது ஒரு வருஷம்தான் தாங்குச்சு. 1964 டிசம்பர்ல குடியரசு ஆனதும் அதிகாரம் மொத்தமும் நைரோபிக்கு போயிடுச்சு, பிராந்தியம் எல்லாம் வெறும் மாகாணம் ஆச்சு, அதுக்கு மேல ஜனாதிபதி நியமிக்கிற மாகாண கமிஷனர் உக்காந்தார். அப்ப போட்ட கோடுதான் 2010 வரைக்கும் பெரிய மாத்தம் இல்லாம ஓடுச்சு.

இதுல ரெண்டு மாகாணத்தோட வடிவத்தை மட்டும் கவனிங்க. ரிஃப்ட் வேலி மாகாணம் வடக்கே எத்தியோப்பியா பார்டர்ல ஆரம்பிச்சு தெற்கே தான்சானியா பார்டர் வரைக்கும் நீண்டு கிடக்கும், துர்கானா பாலைவனமும் அதுல, கெரிச்சோ டீ தோட்டமும் அதுல. ஈஸ்டர்னும் அதே கதைதான், மேல எத்தியோப்பியா ஓரத்துல மார்சபிட், கீழ மச்சாகோஸ், மக்குவேனி. மார்சபிட்காரரையும் மச்சாகோஸ்காரரையும் ஒரே மாகாணத்துல போட்டதுக்கு நிலமோ, மொழியோ, வாழ்க்கையோ எந்த ஒத்துமையும் காரணம் இல்ல. பிரிட்டிஷ் காலத்துல வடக்கு முழுக்க நார்தர்ன் ஃப்ரான்டியர்னு ஒரே பகுதி, சுதந்திரத்துக்கு முன்னாடி கமிஷன் போய் கேட்டப்போ அங்க இருந்த சோமாலி மக்கள் பெரும்பாலும் சோமாலியாவோட சேரணும்னுதான் சொன்னாங்க, அது நடக்கல. கரிஸ்ஸா, வஜீர், மண்டேரா மூணும் நார்த் ஈஸ்டர்ன் ஆச்சு, மார்சபிட்டும் இசியோலோவும் ஈஸ்டர்ன்ல ஒட்டப்பட்டுச்சு. அதுக்கப்புறம் பிரிஞ்சு போக நினைச்சவங்களோட 1967 வரைக்கும் நடந்த ஷிஃப்டா போரும், பல வருஷம் நீண்ட எமர்ஜென்சி சட்டமும் அந்தப் பகுதியை நாட்டோட மத்த பக்கத்துல இருந்து ரொம்பவே தள்ளி வச்சிடுச்சு.

இப்ப மாகாணம் எங்கெல்லாம் இன்னும் உயிரோட இருக்குன்னு பாருங்க. மத்திய அரசோட ரீஜனல் கமிஷனர் பதவி அதே 8 பகுதிக்குத்தான், பேரு மட்டும் மாகாணம்னு இல்லாம ரீஜன்னு ஆயிடுச்சு. போலீஸோட பிராந்திய அமைப்பும் அதை ஒட்டித்தான். போஸ்டல் கோடு அதைவிட சுவாரஸ்யம்: மொம்பாசா 80100, கரிஸ்ஸா 70100, எம்பு 60100, மச்சாகோஸ் 90100, ககமேகா 50100, கிசுமு 40100, நகுரு 20100, எல்டொரெட் 30100, நியேரி 10100, நைரோபி 00100. முதல் நம்பரைப் பார்த்தாலே பழைய மாகாணம் ஏறக்குறைய தெரிஞ்சுடும். 2, 3 ரெண்டும் ரிஃப்ட் வேலி, 6, 9 ரெண்டும் ஈஸ்டர்ன். ஒரு விதிவிலக்கு, திக்கா, கியாம்பு மாதிரி நைரோபியை ஒட்டின ஊர்களுக்கு சென்ட்ரல்ல இருந்தாலும் 0லதான் ஆரம்பிக்கும். ஷீட்ல கவுண்ட்டி கட்டம் காலியா இருந்து போஸ்ட் பாக்ஸ் நம்பர் மட்டும் இருக்கா, இதுதான் உங்க கையில இருக்கிற முதல் துப்பு.

படி 3: 47 கவுண்ட்டியை நம்பர் வரிசையில படிங்க, அகர வரிசையில வேண்டாம்

இதை ஏன் யாருமே ஒழுங்கா சொல்லித்தர்றதில்லன்னு எனக்குப் புரியல. அரசியல் சட்டத்தோட முதல் அட்டவணையில கவுண்ட்டிகளுக்கு 1ல இருந்து 47 வரைக்கும் நம்பர் இருக்கு, தேர்தல் கமிஷன்ல இருந்து சென்சஸ் வரைக்கும் அதையே பயன்படுத்துறாங்க. அந்த வரிசை அப்படியே பழைய மாகாண வரிசை.

1 முதல் 6 கோஸ்ட்: மொம்பாசா, குவாலே, கிலிஃபி, டானா ரிவர், லாமு, டைட்டா டவேட்டா.

7 முதல் 9 நார்த் ஈஸ்டர்ன்: கரிஸ்ஸா, வஜீர், மண்டேரா.

10 முதல் 17 ஈஸ்டர்ன்: மார்சபிட், இசியோலோ, மேரு, தராகா-நிதி, எம்பு, கிட்டூயி, மச்சாகோஸ், மக்குவேனி.

18 முதல் 22 சென்ட்ரல்: நியாண்டருவா, நியேரி, கிரின்யாகா, முராங்கா, கியாம்பு.

23 முதல் 36 ரிஃப்ட் வேலி, 14 கவுண்ட்டி, இதுதான் பெருசு: துர்கானா, மேற்கு போகோட், சம்புரு, டிரான்ஸ் ந்சோயா, உவாசின் கிஷு, எல்கேயோ-மராக்வெட், நண்டி, பரிங்கோ, லைகிபியா, நகுரு, நரோக், கஜியாடோ, கெரிச்சோ, போமெட்.

37 முதல் 40 வெஸ்டர்ன்: ககமேகா, விஹிகா, புங்கோமா, பூசியா.

41 முதல் 46 நியான்சா: சியாயா, கிசுமு, ஹோமா பே, மிகோரி, கிசி, நியாமிரா.

47 நைரோபி. தலைநகர்னா முதல் நம்பர் கொடுத்திருப்பாங்கன்னு நினைக்காதீங்க, கடைசி.

ஏன் 47? இது யாரோ உக்காந்து புதுசா யோசிச்ச நம்பர் இல்ல. ஒவ்வொரு ஜனாதிபதியும் ஓட்டுக்காக, ஊர் பெரிய மனுஷங்களை குஷிப்படுத்துறதுக்காக மாகாணத்துக்கு கீழ புது புது டிஸ்ட்ரிக்ட் அறிவிச்சுக்கிட்டே போனாங்க, 2009 வாக்குல அது 250ஐ தாண்டிடுச்சு. அந்த வருஷம் ஹைகோர்ட், 1992 சட்டத்துல இருக்கிற 46 டிஸ்ட்ரிக்டும் நைரோபியும் மட்டும்தான் சட்டப்படி செல்லும்னு சொல்லிடுச்சு. 2010 ஆகஸ்ட் 4ல மக்கள் வாக்கெடுப்பு, 67 சதவீதம் பேர் ஆமான்னு ஓட்டு, ஆகஸ்ட் 27ல புது அரசியல் சட்டம் அமலுக்கு வந்துச்சு. அதுல அதே 46+1 எடுத்து கவுண்ட்டின்னு பேர் வச்சாங்க. 2013 மார்ச் தேர்தல்ல முதல் கவர்னர்கள் வந்தாங்க. அதனால 2010க்கு முன்னாடி ரிப்போர்ட்ல "திக்கா டிஸ்ட்ரிக்ட்", "போண்டோ டிஸ்ட்ரிக்ட்"னு பார்த்தா அந்தப் பேர்ல கவுண்ட்டி தேடாதீங்க, திக்கா கியாம்புக்குள்ள இருக்கு, போண்டோ சியாயாவுக்குள்ள.

சைஸ் வித்தியாசம் ஒரு ஐடியாவுக்கு: துர்கானாவும் மார்சபிட்டும் தலா 70,000 சதுர கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும், மொம்பாசா 220 தான். ஜனத்தொகையில 2019ல நைரோபி 44 லட்சம், கியாம்பு 24 லட்சம், நகுரு 21.6 லட்சம், கடைசியில லாமு ஒன்றரை லட்சம் கூட இல்ல. ஆனா செனட்ல எல்லாருக்கும் ஒரு செனட்டர்தான், லாமுவும் நைரோபியும் அங்க சமம்.

படி 4: ரெண்டு வரிசையை பிரிச்சுப் பாருங்க (இதுதான் முக்கியமான படி)

பெரும்பாலானவங்க வழுக்கி விழுற இடம் இது. கென்யாவுல ஒரே ஊர் மேல ரெண்டு நிர்வாகம் ஓடுது.

முதல் வரிசை, ஓட்டு போட்டு வர்றது. கவுண்ட்டிக்கு கவர்னர், கவுண்ட்டி அசெம்பிளி, அதுல வார்டு உறுப்பினர்கள், இவங்களை எம்சிஏன்னு சொல்லுவாங்க. நாடு முழுக்க 1,450 வார்டு. கவர்னருக்கு கீழ சப்-கவுண்ட்டி அட்மினிஸ்ட்ரேட்டர், வார்டு அட்மினிஸ்ட்ரேட்டர். இவங்க கையில இருக்கிறது கவுண்ட்டி ஆஸ்பத்திரிகள், விவசாயம், உள்ளூர் ரோடு, மார்க்கெட், கடை லைசென்ஸ், தண்ணி, சின்னக் குழந்தைங்க படிக்கிற நர்சரி. நாட்டு வருமானத்துல குறைஞ்சது 15 சதவீதம் கவுண்ட்டிகளுக்கு போகணும்னு சட்டத்துலயே இருக்கு. வருஷா வருஷம் இந்தப் பணம் லேட்டாகுதுன்னு கவர்னர்கள் சத்தம் போடுறதும், ஆஸ்பத்திரி ஊழியர்கள் சம்பளம் வரலன்னு ஸ்ட்ரைக் பண்றதும் நியூஸ்ல பார்த்திருப்பீங்க.

ரெண்டாவது வரிசை, நைரோபியில இருந்து நியமிக்கிறது. ரீஜனல் கமிஷனர், அவருக்கு கீழ கவுண்ட்டி கமிஷனர், டெபுடி கவுண்ட்டி கமிஷனர், அசிஸ்டன்ட் கவுண்ட்டி கமிஷனர், அப்புறம் சீஃப், அசிஸ்டன்ட் சீஃப். இது பிரிட்டிஷ்காரன் போட்ட டிஸ்ட்ரிக்ட் கமிஷனர் வரிசையோட தொடர்ச்சி, நம்ம ஊர் கலெக்டர், தாசில்தார், விஏஓ மாதிரின்னு வச்சுக்கிட்டா சட்டுன்னு பிடிபடும். கவுண்ட்டி கமிஷனர் கவர்னருக்கு கீழ வேலை பார்க்கிறவர் இல்ல. ரெண்டு பேரும் ஒரே ஊர்ல ஆபீஸ் வச்சிருப்பாங்க, ரெண்டு பேர் பதவியிலயும் "கவுண்ட்டி" இருக்கும், ஆனா ஒருத்தர் மக்களுக்கு பதில் சொல்லணும், இன்னொருத்தர் உள்துறைக்கு. பாதுகாப்பு கூட்டத்துக்கு தலைமை கமிஷனர்தான்.

ஏரியா கணக்கும் அதே மாதிரி. கமிஷனர் வரிசையில கவுண்ட்டி, சப்-கவுண்ட்டி, டிவிஷன், லொகேஷன், சப்-லொகேஷன். லொகேஷனுக்கு சீஃப், சப்-லொகேஷனுக்கு அசிஸ்டன்ட் சீஃப். கவர்னர் வரிசையில கவுண்ட்டி, சப்-கவுண்ட்டி, வார்டு, கிராமம். பாருங்க, சப்-கவுண்ட்டிங்கிற பேரு ரெண்டுலயும் இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல! கவர்னர் பக்கம் சப்-கவுண்ட்டின்னா அது பார்லிமென்ட் தொகுதிதான், நாடு முழுக்க 290. கமிஷனர் பக்கம் பழைய டிஸ்ட்ரிக்ட் எல்லாம் சப்-கவுண்ட்டியா மாறினதால எண்ணிக்கையும் எல்லையும் வேற. சென்சஸ் டேட்டாவை தொகுதி வாரியா இருக்கிற கவுண்ட்டி டேட்டாவோட ஜாயின் பண்ணி, ஏன்டா பேரு மேட்ச் ஆகலன்னு மண்டையை உடைச்சுக்கிற ஆளுங்க நிறைய, காரணம் இதுதான். ஜாயின் பண்றதுக்கு முன்னாடி அந்த சப்-கவுண்ட்டி யாரோட சப்-கவுண்ட்டின்னு பாருங்க.

சீஃப் ஆபீஸை பத்தி ஒரு வார்த்தை. கிராமத்துல அரசாங்கம்னா முதல்ல தெரியுற முகம் அவர்தான். காக்கி யூனிஃபார்ம், தோள்ல பட்டை, ஒரு சின்ன ஆபீஸ், வெளிய கொடிக்கம்பம். பையனுக்கு 18 வயசாகி ஐடி கார்டு எடுக்கணும்னா "இவன் நம்ம ஏரியா ஆளுதான்"னு சீஃப் இல்லன்னா அசிஸ்டன்ட் சீஃப் சொல்லணும், நிலத் தகராறு, சொத்து வாரிசு, திருடுபோன மாடு எல்லாத்துக்கும் முதல்ல அவர்கிட்டத்தான் போவாங்க. மரத்தடியில பிளாஸ்டிக் சேர் போட்டு அவர் கூட்டுற கூட்டத்துக்கு பராசான்னு பேரு. கவர்னர் எலெக்‌ஷன்ல தோத்து போயிடலாம், சீஃப் அப்படியே இருப்பார். அதனாலதான் பழைய ஐடி கார்டுல கவுண்ட்டி இல்லாம அந்த நாலு வரி வந்துச்சு, அது முழுக்க சீஃப் வரிசையோட கணக்கு.

ஓட்டு போடப் போனா ஒரு ஆளுக்கு 6 சீட்டு: ஜனாதிபதி, கவர்னர், செனட்டர், கவுண்ட்டியோட பெண் பிரதிநிதி, எம்பி, எம்சிஏ. எம்பிக்கும் எம்சிஏவுக்கும் வித்தியாசம் தெரியாம "ரோடு போடல"ன்னு எம்பியை திட்டுறது அங்கயும் சகஜம்தான்.

படி 5: பேரை நம்பி ஏமாறாதீங்க

இந்தப் படி எனக்கு ரொம்பப் பிடிச்சது. கென்யாவுல கவுண்ட்டிகளுக்கு ஆறு, ஏரி, மலைப் பேரெல்லாம் வச்சிருக்கிறதால ஏமாறுறதுக்கு சான்ஸ் ஜாஸ்தி.

லேக் துர்கானா விண்ட் பவர்னு ஒரு பெரிய காற்றாலை, 365 காற்றாடி, 310 மெகாவாட். துர்கானா கவுண்ட்டியில இருக்கும்னுதானே தோணும்? இல்ல, ஏரியோட கிழக்குக் கரையில, மார்சபிட் கவுண்ட்டியில இருக்கு. துர்கானா கவுண்ட்டி ஏரிக்கு மேற்கே. மவுண்ட் கென்யா எந்த கவுண்ட்டின்னு கேட்டா ஒரே பதில் கிடையாது, மேரு, தராகா-நிதி, எம்பு, கிரின்யாகா, நியேரின்னு சுத்தி நின்னு எல்லாரும் பங்கு போட்டுக்கிறாங்க. எவாசோ நிரோன்னு ரெண்டு ஆறு இருக்கு, ஒண்ணு வடக்கே சம்புரு, இசியோலோ வழியா ஓடி லோரியன் சதுப்பு நிலத்துல காணாம போயிடும், இன்னொண்ணு தெற்கே நரோக் பக்கம் ஓடி தான்சானியாவுல இருக்கிற நேட்ரான் ஏரிக்கு போகும். ரொங்காயும் ரெண்டு: ஒங்காட்டா ரொங்காய் நைரோபியை ஒட்டி கஜியாடோ கவுண்ட்டியில, வெறும் ரொங்காய் நகுரு கவுண்ட்டியில. நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல தூரம், டெலிவரிக்கு போற வண்டியை தப்பான ரொங்காய்க்கு அனுப்பினா அன்னைக்கு நாள் போச்சு.

தலைமையிடமும் அப்படித்தான். டைட்டா டவேட்டாவுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஊர் ரயில் நிக்கிற வோய், ஆனா கவுண்ட்டி தலைமையிடம் ம்வாடாடே. நியஹுருரு ஒரு காலத்துல நியாண்டருவா டிஸ்ட்ரிக்டோட தலைமையிடம், இப்ப கணக்குப்படி லைகிபியாவுல இருக்கு, நியாண்டருவாவுக்கு தலைமையிடம் ஒல் கலோவ். ஆனா நியாண்டருவாவோட அந்தப் பக்கத்து ஜனங்க இன்னமும் கடைக்கும் பேங்குக்கும் நியஹுருருக்குத்தான் போறாங்க. மக்குவேனிக்கு வோட்டே, உவாசின் கிஷுவுக்கு எல்டொரெட், டிரான்ஸ் ந்சோயாவுக்கு கிடாலே, மேற்கு போகோட்டுக்கு கபென்குரியா, எல்கேயோ-மராக்வெட்டுக்கு இட்டேன். இந்த இட்டேன்தான் மாரத்தான் ஓடுறவங்க ட்ரெய்னிங் எடுக்குற ஊர், பள்ளத்தாக்கோட விளிம்புல 2,400 மீட்டர் உயரத்துல இருக்கு.

டூர் போறவங்களுக்கு: "மொம்பாசா பீச்"னு பேக்கேஜ்ல போட்டிருப்பாங்க, டியானி பீச் குவாலே கவுண்ட்டியில, வட்டாமுவும் மாலிந்தியும் கிலிஃபியில. மொம்பாசா டவுன் ஒரு தீவு, அங்க இருந்து தெற்கே டியானி போக லிக்கோனி ஃபெர்ரி வழிதான் ரொம்ப நாள் வழக்கம், அதோட க்யூவை கணக்குல வச்சு டைம் போடுங்க.

இன்னொண்ணு, நேஷனல் பார்க்குக்கும் நேஷனல் ரிசர்வுக்கும் வித்தியாசம் இருக்கு. பெரும்பாலும் பார்க்கை நடத்துறது மத்திய அரசோட வனவிலங்கு துறை, ரிசர்வை நடத்துறது கவுண்ட்டி. மசாய் மாரா ஒரு ரிசர்வ், அதனால நுழைவுக் கட்டணத்தை முடிவு பண்றது நரோக் கவுண்ட்டி, அவங்களோட சொந்த வருமானத்துல பெரிய பங்கு அதுதான். சம்புரு ரிசர்வும் பஃபலோ ஸ்பிரிங்ஸ் ரிசர்வும் ஆத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம், ஒண்ணு சம்புரு கவுண்ட்டி, இன்னொண்ணு இசியோலோ. யானைக்கு இதெல்லாம் தெரியாது, டிக்கெட் வாங்குறவனுக்குத்தான் தெரியணும்.

படி 6: நைரோபி எங்க முடியுதுன்னு தெரிஞ்சுக்கோங்க

நைரோபியே ரயில்வேயால பிறந்த ஊர். மொம்பாசாவுல 1896ல தண்டவாளம் போட ஆரம்பிச்சு 1899ல இந்த சதுப்பு நிலத்துக்கு வந்து டிப்போ போட்டாங்க, 1901ல விக்டோரியா ஏரிக்கரையில கிசுமு போய் சேர்ந்தாங்க. அதுக்கு இந்தியாவுல இருந்து சுமார் 32,000 கூலிகளை கொண்டு போனாங்க, பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஆளுங்க. 1905ல தலைநகரமே மொம்பாசாவுல இருந்து நைரோபிக்கு மாறிடுச்சு. நகுரு, கிசுமு, எல்டொரெட்னு இன்னைக்கு இருக்கிற பெரிய ஊர்களை ஒரு கோடு போட்டு இழுத்துப் பாருங்க, பழைய ரயில் பாதைதான் வரும்.

இப்ப நைரோபி கவுண்ட்டியில 17 தொகுதி, 85 வார்டு. ஆனா "நான் நைரோபியில இருக்கேன்"னு சொல்றவர் ராத்திரி தூங்குறது வேற கவுண்ட்டியா இருக்கலாம். ரொங்காய், கிட்டெங்கேலா, ங்கோங் எல்லாம் கஜியாடோ. ரூயிரு, கிக்குயு, திக்கா கியாம்பு. அத்தி ரிவர், ம்லோலோங்கோ, சியோகிமாவ் மச்சாகோஸ். வேலை, ஸ்கூல், மட்டாட்டு வேன் எல்லாம் நைரோபி. கடை லைசென்ஸ், தண்ணி பில், வீட்டு வரி பக்கத்து கவுண்ட்டி. வாடகை குறைச்சல்னு அங்க போறவங்க இதை அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க, தண்ணி விஷயம் முக்கியம், கிட்டெங்கேலா, ரொங்காய் பக்கம் போர்வெல், டேங்கர் தண்ணியிலதான் நிறைய பேர் காலம் தள்ளுறாங்க.

சிட்டி அந்தஸ்து இருக்கிறது அஞ்சு ஊருக்குத்தான்: நைரோபி, மொம்பாசா, கிசுமு, 2021 டிசம்பர்ல நகுரு, 2024 ஆகஸ்ட்ல எல்டொரெட். இதுல நைரோபியும் மொம்பாசாவும் சிட்டியே கவுண்ட்டி, மத்த மூணும் கவுண்ட்டிக்குள்ள ஒரு சிட்டி. தனியா மேயர் எல்லாம் ஓட்டு போட்டு வர்றது பழைய காலம், இப்ப போர்டும் மேனேஜரும்தான்.

படி 7: வெளி எல்லையை ஒரு தடவை சுத்தி வாங்க

தான்சானியா பார்டர் கடல்ல இருந்து விக்டோரியா ஏரி வரைக்கும் கிட்டத்தட்ட நேர்கோடு, நடுவுல கிளிமஞ்சாரோகிட்ட மட்டும் ஒரு வளைவு. ராணி விக்டோரியா ஜெர்மன் மன்னரா இருந்த தன் பேரனுக்கு மலையை பிறந்தநாள் பரிசா கொடுத்தாங்கன்னு ஒரு கதை சுத்துது, அது வெறும் கதை. 1886ல பிரிட்டனும் ஜெர்மனியும் பேசி போட்ட ஒப்பந்தக் கோடு அது.

கிழக்கே சோமாலியா பார்டரும் இப்ப இருக்கிற இடத்துல முன்னாடி இல்ல. ஜூபாலாண்ட்னு சொல்ற பகுதி பிரிட்டிஷ் கையில இருந்துச்சு, 1925ல இத்தாலிக்கு கொடுத்துட்டாங்க. கடல் எல்லை சண்டை சர்வதேச கோர்ட் வரைக்கும் போய் 2021 அக்டோபர்ல தீர்ப்பு வந்துச்சு, பெரும்பாலும் சோமாலியாவுக்கு சாதகமா; கென்யா அதை ஏத்துக்கல. மேற்கேயும் இப்படித்தான், கிசுமுவும் நைவாஷாவும் 1902 வரைக்கும் உகாண்டா கணக்குல இருந்துச்சு. துர்கானா பக்கமும் 1926 வரைக்கும் உகாண்டாதான். வடமேற்கு மூலையில இலெமி முக்கோணம் இன்னும் தீராத தகராறு, அதனால சில மேப்புல அங்க புள்ளிக்கோடு இருக்கும், சில மேப்புல இருக்காது. விக்டோரியா ஏரியில மிகிங்கோன்னு ஒரு பாறைத் தீவு, தகரக் கொட்டகை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மொத்தமும் மூடியிருக்கும், அதுக்கும் கென்யா, உகாண்டா ரெண்டும் சண்டை. மீன்தான் காரணம், அதைச் சுத்தி நைல் பெர்ச் கிடைக்குது.

பார்டர் ஊர்களோட பேரு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும், அதையும் குறிச்சு வச்சுக்கோங்க: பூசியா உகாண்டாவுலயும் இருக்கு, மோயாலே எத்தியோப்பியாவுலயும் இருக்கு, நமங்கா தான்சானியாவுலயும் இருக்கு.

படி 8: கையில இருக்கிற அட்ரஸை உடைச்சுப் பாருங்க

இப்ப ஒரு பேரு வந்தா இந்த வரிசையில போங்க. முதல்ல வருஷம்: 2010க்கு முன்னாடியா, 2013க்கு அப்புறமா? முன்னாடின்னா "டிஸ்ட்ரிக்ட்" 1992 பட்டியல்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா அதுவே பெரும்பாலும் கவுண்ட்டி, இல்லன்னா அது ஏதோ ஒரு கவுண்ட்டிக்குள்ள சப்-கவுண்ட்டி. அடுத்து கூட வர்ற பதவி: வார்டு, எம்சிஏன்னு இருந்தா கவர்னர் வரிசை, லொகேஷன், சீஃப்னு இருந்தா கமிஷனர் வரிசை. மூணாவது போஸ்டல் கோடோட முதல் நம்பர். இந்த மூணுமே ஒத்து வந்தா பிரச்சனை இல்ல, ஒத்து வரலன்னா ஒரே பேர்ல ரெண்டு ஊர் இருக்கான்னு தேடுங்க.

நிலப் பத்திரம்னா இன்னும் கவனம். நம்பர் "கஜியாடோ/கிட்டெங்கேலா/..."ன்னு வரும், முதல்ல வர்றது ரெஜிஸ்ட்ரேஷன் பகுதி. இது பழைய டிஸ்ட்ரிக்ட் காலத்துல போட்டது நிறைய, அதனால இப்ப இருக்கிற கவுண்ட்டியோட ஒத்துப்போகணும்னு கட்டாயம் இல்ல. நிலம் வாங்குற யோசனை இருந்தா மேப்பை நம்பாதீங்க, லேண்ட் ரெஜிஸ்ட்ரியில சர்ச் போடுங்க, அதோட அந்த ஏரியா அசிஸ்டன்ட் சீஃப்கிட்டயும் போய் பேசுங்க, பத்திரத்துல இல்லாத சண்டை அவருக்குத் தெரிஞ்சிருக்கும். வெளிநாட்டுக்காரங்களுக்கு சொந்தமா எழுதித் தர முடியாது, அதிகபட்சம் 99 வருஷ லீஸ்தான், அதுவும் அரசியல் சட்டத்துலயே இருக்கு.

சில இடத்துல எல்லையே சண்டையில இருக்கு, அங்க எந்த மேப்பும் உங்களுக்கு உதவாது. மசெனோ ஊர் கிசுமுவுக்கா விஹிகாவுக்கான்னு பிரச்சனை, மக்கினான் ரோடுல குவாலேயும் டைட்டா டவேட்டாவும், இசியோலோவும் மேருவும் பல வருஷமா. ரெண்டு கவுண்ட்டியும் லாரிகிட்ட தனித்தனியா வரி கேட்குற அளவுக்கு போகும், அப்படி கேட்டா ரசீது வாங்காம காசு கொடுக்காதீங்க. தொகுதி, வார்டு எல்லைகளை தேர்தல் கமிஷன் 8ல இருந்து 12 வருஷத்துக்குள்ள ஒரு தடவை திருப்பிப் பார்க்கணும்னு விதி, அதனால வார்டு பேரை டேட்டாவுல நிரந்தரமா நம்பாதீங்க, கூடவே வருஷத்தையும் ஒரு தனி கட்டத்துல போட்டு வைங்க. கவுண்ட்டி எல்லை அவ்வளவு சுலபமா மாறாது, அதுக்கு தனி கமிஷன் சொல்லணும், அதுக்கு மேல ரெண்டு சபையும் ஒத்துக்கணும்.